சட்டையைக் கழற்றினால் வாட்ச்மேன்

பசுவந்தனைப் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கு வந்திருந்த புது ஹெட்மாஸ்டரை நான் பார்த்ததில்லை. மகளுக்கு டி.சி. வாங்கப் போனபோது, தலைத்துண்டும் பனியனுமாக ஒருவர் கரிசல் புழுதியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஹெட்மாஸ்டர் இருக்காரா?"

"இருங்க அண்ணாச்சி, கூப்பிடுதேன்."

உள்ளே போய்ச் சட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, "வாங்க" என்றார். செலவைக் குறைக்கிறோமென்று மேலிடம் ஆளெடுப்பதை நிறுத்தியதில், பெருக்குகிறவர், வாட்ச்மேன், வாத்தியார் எல்லாம் அவரே. டி.சி.யை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, கேட்டைத் திறந்துவிட வந்தார்.

"புள்ளைய ஏன் கூட்டிட்டுப் போறீங்கன்னு ஹெட்மாஸ்டர் கேக்கலியா?"

"இல்லியே."

"அவரு கௌரவம் பாப்பாரு. நான் கேக்கேன், ஏன்?"

"வாத்தியார் ஒருத்தர்தான இருக்காரு. அவரும் பாதிநேரம் பெருக்குதாரு."

"நெசந்தான். நான் சொன்னா கேக்க மாட்டங்காரு."

தெருவுக்கு வந்ததும் உள்ளே மணி அடித்தது. அடித்தவர் எந்த வேஷத்தில் இருந்தாரோ, திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.