எந்தச் சங்கம்?

ஈப்போவில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில், கழிவு அரைக்கும் இயந்திரத்தின் மூடி உடைந்துபோக, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையை ஓட்டினார்கள். மூடியில்லாமல் அதற்குள் கை விடமாட்டேன் என்றார் ஓர் அக்கா. சுங்காய்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். "வெட்டி நட்டா திரும்ப முளைக்க என் கை என்ன மரவள்ளியா?" என்று கேட்டார். சூப்பர்வைசர் புகார் எழுதினார். அக்காவை வேலையை விட்டு நீக்க விசாரணை என்று கடிதம் வந்தது.

விசாரணையில் அவருக்காகப் பேசத் தொழிற்சங்க ஆள் வர வேண்டுமென்றால், நிர்வாகம் சங்கத்தை ஏற்க வேண்டும். அதற்கு எங்களில் பாதிக்கு மேல் உறுப்பினராக வேண்டும். நான்தான் கேண்டீனில் மேசை மேசையாகப் போய், "சங்கத்து போராங் வரும், கையெழுத்துப் போட்டுடுங்க" என்று உறுப்பினர் படிவத்தைப் பற்றிச் சொல்லி வைத்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். எங்களுக்குக் கோயில் சங்கமும் சங்கம்தான், யூனியனும் சங்கம்தான். மலாயில் யூனியனுக்குக் கெசத்துவான், மற்றதற்குப் பெர்சத்துவான் என்று தனித்தனிச் சொல் உண்டு. மறுநாள் சூப்பர்வைசர் "சங்கத்து போராங்" என்று ஒரு கட்டைக் கொண்டுவந்தார். பேக்கிங் பெண்கள் அத்தனை பேரும் போட்டுவிட்டார்கள். அது கம்பெனியே நடத்தும் நலச் சங்கம். யூனியன் வேண்டாம் என்று கீழே பொடி எழுத்தில் ஒரு வரி வேறு.

"நீங்கதானே அண்ணே போடச் சொன்னீங்க?" என்றாள் ஒருத்தி.

உண்மையான படிவங்களை நானே எடுத்துப் போனேன். காலையில் எங்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்து வழக்கப்படி இன்னும் பெரட்டு என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெரட்டிலேயே, சூப்பர்வைசர் பார்க்கப் பார்க்க, முன்னால் நிற்பவர் முதுகில் தாளை வைத்து ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள்.

"சங்கத்துலதான் சேந்துட்டீங்களே, இது என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"அது உங்க சங்கம் அண்ணே, விருந்து வச்சா வாரோம். இது யூனியன் லா" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"பேரெல்லாம் எழுதி மேல அனுப்புவேன்."

"இனிஷியலோட எழுதுங்க. ஆள் மாறிடப் போவுது."

பாதியைத் தாண்டினோம். நிர்வாகம் இழுத்துப் பார்த்து, வேறு வழியில்லாமல் ஏற்றது. ஆனாலும் விசாரணை அன்று, சங்க ஆள் வெளியே இருக்கட்டும் என்றாராம் மேனேஜர். அக்காவும் எழுந்துவிட்டார். "அப்ப நானும் வெளிய நிக்கிறேன். நாற்காலிய விசாரிங்க."

கொஞ்ச நேரத்தில் உள்ளே இன்னொரு நாற்காலி போனது. அக்கா இன்றைக்கும் எங்களோடுதான் வேலை செய்கிறார்.