தேங்காய் நின்ற பக்கம்

ஞானாபரணம் அண்ணனுக்கு இடது காது கேட்காது. ஆழ்துளைக் கிணறுக்குப் போர் போடும் லாரியில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்ததற்குக் கிடைத்த சன்மானம் அது. பிறகு கருமத்தம்பட்டியில் ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாக வந்தார். 1991-லிருந்து மாதம் ஒரு தாள் எழுதினார். பெயர் ‘அடிமண்’. அதை ஸ்டென்சிலில் தட்டச்சு செய்து உருட்டி எடுத்துக் கொடுத்தவள் நான். என் பெயர் ஜெபராணி. மில்லுக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன்.

கல்லைப் பற்றி மாதாமாதம் எழுத என்ன இருக்கிறது என்று முதலில் சிரித்தவளும் நான்தான். முந்நூறு பேர் அந்தத் தாளை வாங்கிப் படித்தார்கள். ஓடை மணலில் சிவப்பாக மின்னுவது எது என்று எழுதினார். நம் பாறையில் ஏன் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடைப்பதில்லை என்று எழுதினார். இந்தப் பாறை பிறந்து இருநூற்றைம்பது கோடி ஆண்டு ஆகிறதாம், அன்றைக்கு உலகத்தில் சிப்பியே கிடையாதாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் கண்டக்டரிடம் கல்லைக் கொடுத்தனுப்பி ‘இது என்னங்க?’ என்று கேட்ட வாசகர்கள் உண்டு. ஓர் இடத்தைப் பற்றி எழுதுவதென்றால் நேரில் போய், குனிந்து, கல்லைத் தொட்டுப் பார்க்காமல் எழுதமாட்டார்.

அவருக்கு ஆகாதது ஒன்றே ஒன்று. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து வெள்ளாமைக் காட்டில் நடந்து, அது எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் என்று சொல்கிற நீரோட்டக்காரர்கள். அவர்களைத் தாளில் கிழி கிழியென்று கிழிப்பார்.

1996 கோடையில் காங்கேயம் பக்கத்திலிருந்து சென்னிமலை என்ற விவசாயி கடிதம் போட்டார். தன் காட்டின் நடுவில் வடக்குத் தெற்காகக் கருங்கல் ஒன்று சுவர் மாதிரி ஓடுகிறது. நீரோட்டம் பார்க்கும் காளிச்சாமிக்கு அதன் கிழக்குப் பக்கம் தேங்காய் நின்றது. போர் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார். அந்த மாதம் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. போகாமலே எழுதினார்.

எங்கள் சீமையில் மேற்கே மலை, கிழக்கே காவிரி. நொய்யல் ஆறு ஓடுவதும் கிழக்கேதான். மேற்கே மேடு, கிழக்கே பள்ளம் என்பது இங்கே பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம். மேட்டிலிருந்து வரும் தண்ணீரைக் கருங்கல் தடுத்து மேற்குப் பக்கம் நிறுத்தியிருக்கும், அங்கே போடுங்கள், தேங்காயைச் சட்னிக்கு வையுங்கள் என்று எழுதினார். தட்டச்சு செய்யும்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

அவர் சொன்ன மேற்குப் பக்கத்திலேயே அறுநூறு அடி போட்டார்கள். தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகைதான் வந்தது.

செய்தி கேட்டதும் அண்ணன் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை எடுத்து வந்திருந்தார். ஒரு முனையை நான் பிடிக்க, கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூன்று முறை பார்த்தார். அந்தக் காடு மட்டும் மேற்கே சரிந்து, பக்கத்து ஓடையில் போய் விழுந்தது. தண்ணீர் கிழக்கேதான் நின்றிருக்க வேண்டும். குழாயை நான்தான் சுருட்டினேன்.

சென்னிமலை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. “வெய்யல்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்க” என்றார். வழியில் போன ஒருவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “சாமி வாக்க உட்டுப்போட்டு காயிதத்த நம்புனா இப்படித்தானுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சென்னிமலையின் மனைவி பழனியாத்தாள் கணவர் பக்கம் திரும்பாமலே மோரை நீட்டினார். அண்ணனிடம் மட்டும், “ஏனுங்க, எழுதறதுக்கு முன்னால ஒருக்கா வந்து பாத்திருக்கலாமுங்களே” என்றார். அண்ணனால் அந்த மோரைக் குடிக்க முடியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில், அவருடைய நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்தேன்.

“தேங்கா நின்ன பக்கந்தான் செரின்னு எழுதோணும்மா.”

“தப்பை ஒத்துக்கங்கண்ணா, போதும். தேங்காயை எதுக்குங்க இழுக்கறீங்க? நாளைக்கு ஒருத்தனாச்சும் உங்க பேச்சைக் கேப்பானா?”

“நடந்தது அதுதானம்மா.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் சொன்னபடியே அடித்துக் கொடுத்தேன். ‘தேங்காய்க்குத் தண்ணீர் தெரியும் என்று நான் இன்றும் நம்பவில்லை. ஆனால் அது நின்ற பக்கமே சரியான பக்கம். சென்னிமலை கேட்க வேண்டியதைக் கேட்டார். போய்ப் பார்க்காமல் சொன்னவன் நான். தவறு முழுவதும் என்னுடையது.’

நான் பயந்தபடியே ஆயிற்று. காளிச்சாமி அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். வாங்குகிறவர்கள் பாதியாகி, கால்வாசியாகி, அடுத்த வருடம் ‘அடிமண்’ நின்றுபோனது. லாரியில் சுவாசித்த பாறைத்தூள் அண்ணனின் நெஞ்சில் இருந்திருக்கிறது. 1998 டிசம்பரில் இறந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்கு இருபது பேர் வந்திருப்போம். கடைசியாக வந்தவர் சென்னிமலை. காட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து பாலித்தீன் கவரில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என்னிடம் காட்டினார்.

“ஊரே என்னைத்தானுங்க பேசுச்சு, சாமி வாக்க மிதிச்சவன்னு. என்ர சம்சாரம் ரெண்டு மாசம் மொகங்குடுத்துப் பேசலீங்க. இதைப் படிச்சுக் காமிச்ச அன்னைக்குத்தான் சோத்தைப் போட்டுப்போட்டு பக்கத்துல உக்காந்தாளுங்க. தப்புன்னு மட்டும் எழுதியிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. தேங்காயைக் கிழிச்ச மனுசனே அது நின்ன பக்கந்தான் செரின்னு இந்த வரியை எழுதுனாரு பாருங்க, அதுக்கப்பறந்தான் ஊரு வாயை மூடுச்சு.”

அவர் விரல் வைத்த வரியைப் பார்த்தேன். காங்கேயத்திலிருந்து அவிநாசி வரை, எழுத வேண்டாம் என்று நான் கெஞ்சிக்கொண்டே வந்த வரி அது.