எஞ்சின் முகம் திரும்பிய கொலு

என் மாமியாருக்கு வாய் நீளம். எனக்கும் ஒன்றும் குட்டையில்லை. அதனால்தான் ஒரு பொம்மை எஞ்சினின் முகத்தைத் திருப்புவதற்காக அந்த வருஷக் கொலுவில் நான் படாத பாடு பட்டேன்.

கல்யாணமான புதிது. புகுந்த வீடு திருநெல்வேலி, பிறந்த வீடு அம்பாசமுத்திரம். கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்குப் போனபோது, சாவி முடுக்கினால் ஓடும் சீமை ரயில் ஒன்று வாங்கி வந்திருந்தார். எஞ்சின், பெட்டிகள், தகரத் தண்டவாளம். கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கண்ணாடித் துண்டுகளால் தாமிரபரணியை ஓடவிட்டு, நெல்லை முளைக்கவைத்து வயலாக்கி, ஒரு முனையில் திருநெல்வேலியும் மறுமுனையில் அம்பாசமுத்திரமும் வைத்தேன். எங்கள் ஊருக்கு ரயில் வந்து அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது.

கொலு வைத்த மறுநாள், ஊரிலிருந்து யாவாரத்துக்கு வந்த அண்ணாச்சி ஒருவர் வாசலில் நின்று சொன்னார். "ஒங்க அம்மைக்குக் காய்ச்சல் விடமாட்டேங்கு தாயி. ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு."

மாமியாரிடம் கேட்டேன். "கொலுவ வச்சுட்டு வீட்டு மருமவ வெளிய கெளம்புவாளாக்கும்? நவராத்திரி கழியட்டும்" என்றாள். காய்ச்சலுக்கு நவராத்திரி தெரியுமா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தாம்பூலம் வாங்க வந்த பெண்களுக்கு ரயிலை ஓட்டிக் காட்டினேன். போகும்போது ஜோராகப் போயிற்று. திரும்பி வரும்போது எஞ்சின் பின்பக்கமாகத்தான் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். "அதென்னட்டி, பின்னாலயே வருது? அம்பாசமுத்திரத்துல யாரும் அடிச்சு வெரட்டிட்டாகளோ?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். இதுதான் சமயம் என்று அத்தனை பேர் முன்னாலும் மறுபடி கேட்டேன். "அத்தே, நான் ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வந்திருதேனே."

மாமியாருக்குச் சுருக்கென்றது. "ஒன் எஞ்சினு மொகத்தத் திருப்பிக்கிட்டு நேராப் பாத்து வரட்டும், நீ போ. கையால தூக்கித் திருப்பப்படாது, சொல்லிட்டேன்."

மறுபடி சிரிப்பு. சிரித்த அத்தனை பேரும் எனக்குச் சாட்சி என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி வந்து இறங்கிய அன்று திருநெல்வேலி ரயிலடியில் நான் ஒன்று பார்த்திருந்தேன். வட்டமான குழி, அதன் நடுவே பாலம் போல ஒரு மேடை. எஞ்சின் அதில் ஏறி நின்றதும் ஆட்கள் கம்பைப் பிடித்துத் தள்ள, அவ்வளவு பெரிய எஞ்சின் பையத் திரும்பிற்று. அம்பாசமுத்திரத்தில் அப்படியொரு மேடை உண்டா என்று எனக்குத் தெரியாது. என் அம்பாசமுத்திரத்தில் உண்டு என்று முடிவு செய்தேன்.

பிறந்த வீட்டிலிருந்து என்னோடு வந்த மரச்சொப்பில் ஒரு குட்டித் திருகை இருந்தது. கீழ்க்கல்லின் நடுவே முளை, மேல்கல் அதில் சுற்றும். மேல்கல்லின் மீது ஒரு பலகை, பலகையின் மீது தண்டவாளத் துண்டு, எல்லாவற்றையும் அரக்கு உருக்கி ஒட்டினேன். எஞ்சினை விட்டேன். நுனியில் ஏறியதுமே பலகை அந்தப் பக்கம் சாய்ந்து, எஞ்சினைத் தாமிரபரணியில் தள்ளியது. ஆற்றில் ஒரு கீறல் விழுந்தது.

வீட்டுக்காரரை ரயிலடிக்கு அனுப்பினேன், அந்த மேடை சாயாமல் எப்படி நிற்கிறது என்று பார்த்துவர. போய்விட்டு வந்து சொன்னார். "ஆளுக தள்ளுதாக. சுத்துது. அம்புட்டுதான்."

"அடியில என்ன இருக்கு?"

"அடியில எவன் பாத்தான்?"

"நாளைக்குப் பாருங்க" என்றேன். சோற்றுக் கரண்டி என் கையில் இருந்ததால் அவர் மறுக்கவில்லை.

மறுநாள் உற்சாகமாக வந்தார். "ரெண்டு முனையிலயும் சக்கரம் இருக்குளா. குழிக்குள்ள வட்டமா ஒரு தண்டவாளம் கெடக்கு, அதுமேல உருளுது."

சொப்பில் இருந்த வண்டியின் சக்கரங்களைப் பிடுங்கிப் பலகையின் இரு முனைக்கும் அடியில் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரு தாம்பாளத்துக்குள் வைத்தேன். சாயவில்லை. சுற்றவும் இல்லை. சக்கரங்கள் தாம்பாளத்தைக் கீறிக்கொண்டு அடம் பிடித்தன. மாட்டுவண்டிக்கு வைப்பதுபோலத் தண்டவாளம் போகும் திசைக்கே வைத்திருந்தேன். மேடை நேரே போகப்போவதில்லையே, செக்குமாடு மாதிரி வட்டமாக அல்லவா போக வேண்டும்! அரக்கைச் சூடுகாட்டிப் பெயர்த்து, சக்கரங்களைக் குறுக்கே திருப்பி ஒட்டினேன். விரல் கொப்பளித்துவிட்டது.

"புளி கரைக்கச் சொன்னா அரக்கு காய்ச்சுதா" என்று அடுப்படியில் மாமியாரின் முணுமுணுப்புக் கேட்டது. கொப்பளித்த விரலாலேயே புளியைக் கரைத்தேன். அம்மா இருப்பாளா என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அன்று மாலை அதே பெண்கள் வந்தார்கள். பெட்டிகளைக் கழற்றி ஓரமாக வைத்தேன், பந்தயம் எஞ்சினுக்குத்தானே. எஞ்சின் அம்பாசமுத்திரத்துக்குப் போயிற்று, மேடையில் ஏறிற்று, நின்றது. பலகை நுனியை ஒரு விரலால் தள்ளினேன். சுற்ற ஆரம்பித்தது.

"நிறுத்துட்டி!" என்றாள் மாமியார். "எடமாச் சுத்துதியே. வெளக்கேத்தி வச்ச எடத்துல அச்சானியமா!"

வந்தவர்களும் உச்சுக் கொட்டினார்கள். எனக்கே திக்கென்றது. சுவாமியை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, வலப்பக்கமாகத் தள்ளினேன். எஞ்சின் பையச் சுற்றித் திருநெல்வேலியைப் பார்த்து நின்றது. முடுக்கிவிட்டேன். வயலைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மாமியாரையே பார்த்தார்கள். அவள் எல்லோருக்கும் தாம்பூலம் கொடுத்து அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் மணலோரமாக வந்து உட்கார்ந்தாள்.

"இதுல ஆத்தூரு எங்கன இருக்கு?"

ஆத்தூர் அவள் பிறந்த ஊர். கிழக்கே, தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்குப் போகிற வழி.

"அந்தப் பக்கம் ரயிலே கெடையாதே அத்தே."

"கெடையாதுதான். எங்க அம்மைக்கு முடியலன்னு ஆளு வந்தப்ப, எங்க மாமியா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சா. பொறவு வண்டி கட்டிப் போய்ச் சேந்தா, ஆத்தங்கரையில சாம்பலுதான் கெடந்துது."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பட்டவளே இன்னொருத்திக்கு இதைச் செய்யலாமா என்று கேட்கத் திரும்பினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல், மிச்சமிருந்த தண்டவாளத் துண்டுகளை எடுத்து, கிழக்கே மணலை விலக்க ஆரம்பித்தேன்.

மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத போயிட்டு வந்து போட்டுக்கிடலாம்ட்டி. மொதல்ல நீ கெளம்பு."