களிம்பு ரசம்

பெரியநாயகிக்குச் சிறு வயது முதலே இடது காதில் சீழ் வடியும். ஐம்பத்திரண்டு வயதில் சேலத்துக்குப் போய் அறுவை செய்துகொண்டாள். சீழ் நின்றது. நாக்கு கெட்டது.

இடது பாதி நாக்கில் எது பட்டாலும் செப்புக்காசைச் சப்பியதுபோல் இருந்தது. காபி, கம்மஞ்சோறு, மாம்பழம், கடைசியில் சொந்த எச்சிலும். "ருசி நரம்பு காது வழியாத்தாம்மா போகுது. ஆபரேஷன்ல இழுபட்டிருக்கும். சரியாக மாசக்கணக்காகும்" என்றார் மருத்துவர்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பி அதைச் சொன்னதும், கணவர் வெள்ளியங்கிரி தொடையைத் தட்டிச் சிரித்தார். "காதை அறுத்தா நாக்கு போகுமா? நல்லா வாய்க்கு ருசியா, ஒணத்தியா திங்கறதுக்குச் சாக்குத் தேடறயா புள்ள?"

அவர் விரலில் வழியும் தயிரை நக்குவதைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டியது. சோற்றை மெல்லாமல் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். விழுங்கியது பாதி நேரம் தொண்டைவரை திரும்பி வந்தது. இரண்டு மாதத்தில் ரவிக்கைகள் தொளதொளத்தன.

அந்த மாதக் கடைசியில் மகள் கிருத்திகாவின் மாமனார் வீட்டார் பத்துப் பேர் விருந்துக்கு வந்தார்கள். சம்பந்தி முன் அலுமினியம் வேண்டாம் என்று வெள்ளியங்கிரி பரணிலிருந்து பித்தளை அண்டாவை இறக்கினார். செங்கல் தூளும் புளியும் போட்டு உள்ளும் புறமும் தங்கமாகத் தேய்த்தார். புளி பட்டுப் பித்தளை களிம்பேறாமல் காக்க உள்ளே மிச்சமிருந்த ஈயப் பூச்சும் அதோடு போயிற்று. வெளி அடுப்பில் ஏற்றிப் புளித்தண்ணீரையும் அவரே ஊற்றினார்.

பெரியநாயகி வந்து ரசப்பொடி போட்டாள். கொதித்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள்.

"ஏனுங்க, களிம்பேறிப்போச்சுங்க. கொட்டீரலாம்."

"உனக்குக் காபியே களிம்புதான்! ஆளுக வாசல்ல நிக்கறாங்க. எறக்கு."

இன்னொரு சொட்டு நக்கினாள். காலையில் குடித்த காபியும் இப்படித்தான் இருந்தது. நாக்கை நம்ப அவளுக்கே தைரியமில்லை. இறக்கினாள்.

சம்பந்தி தண்டாயுதபாணி இரண்டு கையையும் குவித்து ரசம் வாங்கி ஒரே மூச்சில் உறிஞ்சினார். முகம் கோணியது. எழுந்து ஓடி, செருப்புகள் கிடந்த இடத்தில் சாப்பிட்ட அத்தனையையும் கக்கினார். அவர் மனைவி இலையிலேயே துப்பினாள். பருப்பும் எச்சிலும் பாயாசமும் கலந்து ஓடின.

"என்னங்க மாமா இது!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டான் மருமகன்.

வெள்ளியங்கிரி அவசரமாக அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். அடுத்த நொடி கிணற்றுச் சுவரைப் பிடித்துக் குனிந்தார். மூக்கு வழியாகவும் வந்தது.

பெரியநாயகி சொம்போடு போய் நின்றாள்.

"த்தூ! ஏம்புள்ள, ரெண்டு மாசமா உனக்கு இப்படியா இருக்குது?"

"எனக்குப் பாதி நாக்குலதானுங்க."

அவர் சொம்பை வாங்கி வாய் கொப்பளித்தார். மறுபடி முகத்தைச் சுளித்தார்.

"தண்ணியும் அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள்.