அடித்தரை இல்லாத சேறு

“நாத்து நட்ட காலுக்கு மலை எதுக்கு?”

குமரவேல் அண்ணன் இதைக் கேட்டது துறை வராந்தாவில், என் வகுப்பு முழுக்க நிற்கும்போது. நான் அண்ணாமலை நகர் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆய்வு மாணவர், பண்ருட்டி முந்திரி வியாபாரியின் மகன். ஆள் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நல்லவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

போன வாரம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் ஒருவர் அழுகிய வெற்றிலைக் கட்டுகளைச் சாக்கடை ஓரம் கொட்டிக்கொண்டிருந்தார். இலை மக்கிய அந்தக் குளிர்ந்த நாற்றம் ஏறியதும் என் இடது கால் தானாகப் பின்வாங்கியது. மூக்கைப் பொத்தாமல் காலை இழுத்துக்கொள்கிற பெண்ணை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். 2007-இல் நீலகிரி உச்சியில் என் இடுப்பு வரை ஏறிய நாற்றம் இது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உங்களிடம் சொல்லலாம். உச்சிப் புல்வெளிகளில் ஒரு வருடம் செடிகளைக் கணக்கெடுக்க எங்கள் பேராசிரியர் இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள இருந்தார். அதற்கு முன் அந்த மலையில் மூன்று நாள் நடை. அதை முழுதாக முடிப்பவர்களிலிருந்து குமரவேல் அண்ணன் இரண்டு பெயர் எழுதித் தருவார். கிடைத்தால் அப்படியே ஆய்வுக்குள் நுழைந்துவிடலாம். கிடைக்காவிட்டால் எம்.எஸ்ஸி.யோடு ஊர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேறு வழி இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்கு முன்னால் யாரும் இல்லை.

மலை மேல் சதுப்பு இருக்குமாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “சேறுதான பாப்பா? நமக்குத் தெரியாத சேறா?” என்றாள். அவள் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் நடவு வேலை செய்பவள். பள்ளி விடுமுறைகளில் நானும் நட்டிருக்கிறேன். நடவுக்காரிகளின் நடை ஒன்று உண்டு. கால்விரலைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டே போனால், ஏர் ஓடிய ஆழத்துக்குக் கீழே இறுகிய தரை தட்டும். தட்டுவதற்கு முன்பே முழு எடையையும் அந்தக் காலில் போட்டுவிட வேண்டும். தயங்குகிறவள்தான் விழுவாள். ஏழு வயதில் கற்றது, உடம்பை விட்டுப் போகாது.

ஸ்வெட்டருக்காகக் கடலூரில் கடை கடையாக அலைந்தேன். கைக்குழந்தைக்குத்தான் இருந்தது. அப்பாவின் துண்டோடு போனேன். மலை என்றால் ஏறுவது என்று நினைத்திருந்தேன். ஏறி முடித்த பிறகுதான் ஆரம்பித்தது. மரம் இல்லை, பாதை இல்லை. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அறைந்தது. மூடுபனி விலகினால் அடுத்த மேடு, மூடினால் சொந்தக் கை தெரியாது. அட்டைகள் கண் இமை வரை வந்தன. அந்த இடத்துக்கு எங்களைப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் மதியம் இரு மேடுகளுக்கு நடுவே பச்சைப் பசேலென்று ஒரு பள்ளம் வந்தது. வழிகாட்டிய வனக்காவலர் ஓரத்துப் புல்திட்டுகளில் கால் வைத்துச் சுற்றிப் போனார்.

“ஒருத்தர் பின்னால ஒருத்தர் வாங்க” என்றார் குமரவேல் அண்ணன்.

“இதுவா சேறு? நான் நேரா வரேண்ணே.”

“ஏய், சொன்னா கேளு.”

“எங்க ஊர்ல இதவுட ஜாஸ்திண்ணே.”

நாலு எட்டு போனேன். ஐந்தாவதில் ஷூவோடு விரலை அழுத்தி, தயங்காமல், முழு எடையையும் போட்டேன். தரை வரவில்லை. தொடை போனது, இடுப்பு போனது, அப்போதும் வரவில்லை. சுற்றியிருந்த பசுமை முழுக்க உதறிய பாய்போல ஆடியது. காவலர் கழியை நீட்டினார். குமரவேல் அண்ணன் குப்புறப் படுத்துக் கையைப் பிடித்து இழுத்தார். நான் வந்தேன். இடது கால் ஷூ வரவில்லை.

உயிர் பிழைத்தது உறுதியானதும் எல்லாரும் சிரித்தார்கள்.

“காலைல ஜீப் ரோட்டுல உடச் சொல்றேன். பஸ் ஏறிப் போயிடு” என்றார் குமரவேல் அண்ணன்.

“நடப்பேண்ணே. ஒரு ஷூ இருக்குதே.”

“அத்த வச்சிக்கிட்டு என்னா, நொண்டி ஆடப் போறியா?”

செடிகளை அழுத்தி வைக்கக் கொண்டுவந்த பழைய செய்தித்தாளைக் காலில் சுற்றி, மேலே அப்பாவின் துண்டைச் சுற்றி, சணலால் கட்டினேன். மீதி ஒன்றரை நாளும் காவலரின் கால் பதிந்த இடத்தில் மட்டும் கால் வைத்தேன். இன்னொருவர் தடத்தை விட்டு விலகாமல் நடப்பது எனக்குப் பெரிய அவமானம். ஒவ்வோர் அடியிலும் அதை அனுபவித்தேன். மலை கடைசியில் என்னை ஏற்றுக்கொண்டது என்று எழுத ஆசைதான். அது கடைசி வரை என்னைத் துப்பத்தான் பார்த்தது.

இறங்கியதும் குமரவேல் அண்ணன் பஸ் படியில் உட்கார்ந்து இரண்டு பெயர் எழுதினார். இரண்டாவது நான்.

“பெருமைப்பட்டுக்காத. விழுந்தவ நீ ஒருத்திதான். எங்க கால வெக்கக் கூடாதுன்னு இனிமே உனக்குத்தான் தெரியும்” என்றார். காலில் இருந்த கொப்புளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கணக்கெடுப்பு முடிந்து, எம்.ஃபில். முடித்து, இந்த ஜனவரியில் மறுபடியும் அந்தப் பள்ளத்துக்குப் போனேன். பள்ளத்தின் நடுவே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்கள். கறுத்த மண்ணில் கேரட் பாத்திகள். ரப்பர் செருப்போடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராக நடந்தேன். எங்குமே புதையவில்லை. கணக்கெடுப்பின்போது பூச்சி தின்னும் குட்டிச் செடி ஒன்று அங்கே எங்களுக்குக் கிடைத்திருந்தது. முழங்காலிட்டுத் தேடியும் ஒன்றுகூட இல்லை. என்னை விழுங்கப் பார்த்த இடத்துக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

இரண்டு பள்ளத்தாக்கு தள்ளி, வாய்க்கால் எட்டாத சதுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்ய அனுமதி கேட்டு விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன். குழுவை நடத்திச் செல்பவர் யார் என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது.