துரை குருவி பார்க்க வந்த காலை

எங்கள் மலையில் குருவிகளை இரண்டு வகையாகப் பிரித்திருந்தோம். தானியம் தின்பது ஒரு வகை, தின்னாதது இன்னொரு வகை. தின்பவற்றுக்கெல்லாம் பெயரும் உண்டு, வசவும் உண்டு. தின்னாதவற்றுக்குப் பெயர் வைக்க எங்களுக்கு நேரமில்லை. எட்டு வயதுக்குள் இந்த சாஸ்திரத்தை நான் கரைத்துக் குடித்திருந்தேன். அதனால், குருவி பார்ப்பதற்கென்றே ஒரு வெள்ளைக்காரத் துரை பொம்மிடியிலிருந்து மலையேறி வரப்போகிறார் என்று அப்பா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருவியைக் கண்டால் விரட்ட வேண்டும். பார்த்துக்கொண்டு நின்றால் தினை என்னத்துக்கு ஆகும்?

சித்தேரி மலையில் எங்கள் ஊர். நாட்டில் வெள்ளைக்காரன் ஆட்சி முடிய இன்னும் சில வருஷங்கள் இருந்த காலம் அது. தினைக் கதிர் முற்றும் ஐப்பசியில் தினைக்காட்டுக்கு நடுவே பரண் போடுவோம். நாலு கால் நட்டு, மேலே மூங்கில் பரப்பி, புல்லால் ஒரு கூரை. அதில் ஏறி நின்றால் காடு முழுக்கக் கண்ணில் படும். கையில் கல் எறிய ஒரு கவண், தட்டுவதற்கு ஒரு தகர டின், மற்றதற்கெல்லாம் தொண்டை. எங்கள் பரணில் நின்றது அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. நான் அவளுக்கு உதவி. உதவி என்று ஊர் சொன்னது. பாதிக் குருவி என் குரலுக்குத்தான் பறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எங்கள் காட்டுக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மலையில் இன்னொரு தினைக்காடு, அதிலும் ஒரு பரண். அந்தப் பரணில் ஓர் இளைஞர் நிற்பார். நாங்கள் கிளிக் கூட்டத்தை விரட்டினால் அது ஓடையைத் தாண்டி அவர் காட்டில் போய் விழும். அவர் தகரத்தைத் தட்டினால் அப்படியே எழுந்து எங்கள் காட்டுக்குத் திரும்பி வரும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை இதே வேலை. அத்தை கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்துவாள். "எதிர்க்காட்டுக்காரரே, உங்க கிளி வருதுங்கோ, விருந்து வெச்சு அனுப்புங்கோ." அங்கிருந்து பதில் வரும். "எங்க கிளி இல்லீங்கோ, உங்க வூட்டுது, பொறந்த வூட்டுக்கே அனுப்புறேன்." இதைப் பெரிய சண்டை என்று நம்பி, அத்தை பக்கம் நின்று நானும் தொண்டை கிழியக் கத்துவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்றைக்கு எதிர்க்காட்டானை விடவில்லை என்று அம்மாவிடம் பெருமை பேசுவேன். அத்தை அந்த நேரம் பார்த்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

துரை ரயில்வேயில் பெரிய அதிகாரி. அவரை அழைத்து வருகிறவர் பொம்மிடியில் தண்டவாள வேலை பார்க்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரி. எங்கள் ஆட்கள்தான், அவருடைய அப்பா காலத்தில் மலையை விட்டு இறங்கிப் போன குடும்பம். அவர் மகனுக்கு ஸ்டேஷனில் வேலை. அந்த மகனுக்குத்தான் அத்தையைக் கொடுப்பதாகப் பேச்சு. மேஸ்திரி ஒரு வாரம் முன்பே வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"தொரைக்கு ஒரு குருவி பாக்கணுமாம். வெள்ளையா இருக்குமாம், ஒடம்பு ஒரு சாணு, வாலு ஒரு மொழமாம். அதக் காட்டிட்டீங்கன்னா அவரு மனசு குளுந்துடும், எம்பையனுக்கும் நல்லது நடக்கும். அன்னிக்கே பொண்ணப் பாத்து வெத்தல பாக்கு மாத்திக்கலாங்க."

அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாதச் சம்பள மாப்பிள்ளை, ஓட்டு வீடு, வாசலில் ரயில். அத்தையின் கல்யாணமே அந்தக் குருவியின் வாலைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எனக்கு ரயில்தான் தோன்றியது. அத்தை வீட்டுக்குப் போகும் சாக்கில் தினமும் ரயிலைப் பார்க்கலாம், ஒரு நாள் ஏறியும் விடலாம்.

மேஸ்திரி சொன்ன குருவி எனக்குத் தெரியும். தானியம் தின்னாத வகை, ஆகவே பெயர் கிடையாது. மழை விட்டதும் வரும். வெயில் ஏறும் நேரத்தில் ஓடைக்கு வந்து, தண்ணீரில் ஒரு முங்கு முங்கிவிட்டுக் கிளையில் உட்கார்ந்து வாலை உதறும். எந்த இடம், எந்தக் கிளை என்பது வரை எனக்கு அத்துப்படி. எனவே வழிகாட்டி நான்தான் என்று முடிவாயிற்று. அதில் எனக்கு வந்த மிதப்பை அம்மாவால் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. இந்த மலையில் விடிந்தால் பரணுக்குப் பரண் கூச்சல், தகரச் சத்தம். இதில் எந்தக் குருவி ஓடைக்கு வந்து நிதானமாகக் குளிக்கும்? அப்பா தாடையைச் சொறிந்தார். அப்போது அத்தையே முன்வந்து சொன்னாள்.

"நாளைக்கு நம்ம காட்டுல சத்தமே வாணாங்ண்ணா. நான் பரண்ல சும்மா குந்திக்கிறேன். தகரமும் தட்டல, வாயும் தொறக்கல. நாம வெரட்டலன்னா எதிர்க்காட்டுலயும் தட்ட வேல இருக்காது."

"கிளி தின்னுப்புடுமே?" என்றாள் அம்மா.

"ஒரு நாளு தானே அண்ணி."

அப்பா அப்படியே உருகிப் போனார். மூன்று மாதம் பாடுபட்ட தினையை விட்டுக்கொடுத்தாவது இந்தச் சம்பந்தம் கூட வேண்டும் என்று பெண்ணுக்கே இவ்வளவு அக்கறையா என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அன்று சாப்பாட்டில் அத்தைக்குத்தான் முதல் கவனிப்பு. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, குருவியைக் காட்டப்போவது நான் அல்லவா?

விடிந்தபோது அப்பாவும் நானும் அடிவாரத்து ஏரிக்கரையில் நின்றோம். துரை முழங்கால் வரை கால்சட்டையும் தொப்பியுமாக வந்தார். முகம் செங்கல் நிறம். கழுத்தில் இரட்டைக் குழல் வைத்த தூரக்கண்ணாடி தொங்கியது. பின்னால் மேஸ்திரி தலைப்பாகையும் வெற்றிலைப் பையுமாக. துரை ஏரியைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். கொக்கும் நாரையும் நீர்க்காகமுமாக இருந்த சாதாரண ஏரி, அதற்கு அத்தனை நேரம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அது கொக்கு. மீனு திங்கும். தானியம் திங்காது" என்றேன்.

"தானியம் திங்காது" என்று அவர் பயபக்தியோடு திருப்பிச் சொன்னார்.

அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும், எனக்கும் அது போதும். மலையேறும் வழியெல்லாம் இதே பாடம்தான். பாதையில் மைனா பறந்தால் அவர் விரலை நீட்டுவார். "திங்கும்" என்பேன். மரங்கொத்தியைக் காட்டுவார். "திங்காது." மாங்குயில், திங்காது. புறா, அதுவா, மூட்டை மூட்டையாகத் திங்கும். வாலில் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டு ஒரு கரிச்சான் குறுக்கே போனபோது மனிதர் ஏதோ சாமியைக் கண்டவர்போல் அசையாமல் நின்றார். அதுவும் தின்னாதுதான் என்று சொல்லி அவரை நகர்த்த வேண்டியிருந்தது. மேஸ்திரிக்கு வியர்த்துக் கொட்டியது.

"தொரைகிட்ட மருவாதியாப் பேசு பாப்பா" என்று என் காதோரம் சொன்னார். துரை என்னவோ மிகவும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

மரங்கள் முடிந்து எங்கள் தினை தெரியும் இடத்துக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். மலை மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தது. அந்த மாதத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கள் தினையின் மேல் பச்சைப் போர்வை போர்த்தியதுபோல் கிளி. பரணில் அத்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா வருகிறார், சீவத்தானே வேண்டும். எனக்குத் தொண்டை அரித்தது. வாயைத் திறந்தேன். அப்பா அதைப் பொத்தினார்.

துரை என் தவிப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூரக்கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். எதிர்மலை ஒரே தாவலாக என் மூக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அதில் எதிர்ப்பரணும் அந்த இளைஞரும் தெரிந்தார்கள். எங்கள் எதிரியின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். கையை நெற்றிக்குக் குடையாக வைத்துக்கொண்டு எங்கள் காட்டையே பார்த்தபடி நின்றார். அவர் காட்டிலும் கிளி விழுந்து தின்றுகொண்டிருந்தது. கவண் தோளில் சும்மா தொங்கியது.

"அப்பா, அவுரு காட்ட கிளி திங்குது, அவுரு பாட்டுக்கு மரமாட்டம் நிக்கிறாரு" என்றேன். சோம்பேறி என்றும் சேர்த்துச் சொன்னேன். மறுபடி கண்ணாடியில் பார்த்தபோது பரண் காலியாக இருந்தது.

ஓடைக்கு இறங்கினோம். நான் காட்டிய பாறை மறைவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எங்கே வரும் என்று துரை சைகையில் கேட்டார். கிளையைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில், கூப்பிட்டு வைத்ததுபோல், அது வந்துவிட்டது. வெள்ளை உடம்பு, கறுத்த தலை, காற்றில் அலையும் நாடா மாதிரி வாலில் இரண்டு நீள இறகு. துரை கண்ணாடியை மெல்லத் தூக்கினார். மேஸ்திரி அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ரயில் கூவியது.

அப்போதுதான் எதிர்க்கரைப் புதரைப் பிய்த்துக்கொண்டு எதிர்ப்பரண் இளைஞர் ஓடையில் குதித்தார். தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. குருவி போன திசை தெரியவில்லை. முழங்காலில் ரத்தம், கையில் ஒரு தடி. மூச்சு வாங்க எங்கள் முன்னால் வந்து நின்றவர் தொப்பி போட்ட துரையைப் பார்த்ததும் மலங்க மலங்க விழித்தார்.

"என்னாப்பா, என்னா ஆச்சு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க. காலையில இருந்து உங்க காட்டுல சத்தமே இல்லீங்க."

"அதுக்கு?"

"கரடி கிரடி வந்துடுச்சோ, பாம்பு பூச்சி எதாச்சும் கடிச்சிடுச்சோன்னு..."

"யார?"

அவருடைய கண் எங்கள் தலைக்கு மேலே, பரண் பக்கம் போனது. எனக்கு வந்த கோபத்தில் நான் முன்னால் போனேன்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆவல. நீங்க போயி உங்க கிளியத் தொரத்துங்க."

நான் சொல்லி முடிக்கவில்லை, மேலேயிருந்து அத்தையின் குரல் வந்தது. அன்றைக்கு அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. பரண் மேல் நிமிர்ந்து நின்று, கையைக் குவித்து, மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"எதிர்க்காட்டுக்காரரே, நான் நல்லாத்தான் இருக்கிறேனுங்கோ."

இரண்டு காட்டிலிருந்தும் கிளிகள் ஒன்றாக எழுந்தன. ஓடைக்கு மேலே வானம் பச்சையாகிப் போனது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து நின்றார். "திங்கும், திங்கும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு ஒரு குறையும் இல்லை. எதிர்க்காட்டுக்காரர் திரும்பி ஓடையைக் கடந்தார். முகத்தில் மட்டும் ஏதோ பொங்கலுக்குப் புது வேட்டி கிடைத்ததுபோல் ஒரு சிரிப்பு. குருவியை ஓட்டிவிட்டுச் சிரிக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேஸ்திரி வெற்றிலைப் பையை அவிழ்க்கவே இல்லை. நல்ல மனிதர், கோபப்படவும் இல்லை. போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டு, "உங்க வூட்டுப் பொண்ணு சாமர்த்தியசாலிங்க. நம்ம பையனுக்கு வேற எடம் பாத்துக்கிறேன்" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு அவரும் அம்மாவும் ரொம்ப நேரம் தணிந்த குரலில் பேசினார்கள். தை பிறந்ததும் அத்தையை ஓடைக்கு அந்தப் பக்கம்தான் கட்டிக் கொடுத்தார்கள். குருவியை ஓட்டிய குற்றத்துக்காக அவரைப் பிடித்துக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்து, வேண்டும் நன்றாக என்று திருப்திப்பட்டேன். ரயில் போனதற்கு மட்டும் தனியாக உட்கார்ந்து அழுதேன். அடுத்த ஐப்பசியில் எதிர்ப்பரணிலிருந்து அத்தையே எங்களுக்குக் கிளி அனுப்பினாள். துரோகி என்று கத்தினேன். சிரித்தாள்.

ஆனால் இன்றும் நான் நினைத்துப் பார்ப்பது அன்றைய சாயங்காலத்தை. துரை இறங்கிப் போனபின் அத்தையும் நானும் காட்டைச் சுற்றி வந்தோம். ஓடையோரத்துத் தினை முழுக்க வெறும் தண்டும் தட்டையுமாக நின்றது. மிச்சக் கதிரெல்லாம் உமிதான். எனக்கு அழுகை முட்டியது.

"இவ்ளோவையும் தின்ன வுட்டுட்டியே அத்த."

அத்தை ஒரு வெறுங்கதிரைக் கிள்ளி, கையில் வைத்து ஊதினாள். உமி பறந்தது. அவள் முகத்தில் கொஞ்சமும் வருத்தமில்லை.

"தின்னட்டும் புள்ள. இன்னிக்கி தின்னது அதுங்க கூலி."

தின்கிற குருவி, தின்னாத குருவி என்று எல்லாம் தெரிந்த நான் அந்த வெறுங்கதிரையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலையிலிருந்து அந்தக் கிளிகள் எங்கள் தினையில் உட்கார்ந்து தின்றதைத் தவிர வேறு என்ன வேலை செய்தன என்று எனக்கு விளங்கவே இல்லை.