அந்த வாரத்து முதல் பாட்டு

மதினி எங்கள் வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒரு ரேடியோவும் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர் குடும்பம் கப்பலேறித் திரும்பியபோது கம்பளியில் சுற்றி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெட்டி அது. மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வீடு மேட்டில் இருந்ததால், கடல் தாண்டி வரும் ஆங்கில ஒலிபரப்பு சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுப் பேச்சுப்போலத் தெளிவாகக் கேட்கும். வாரம் ஒருமுறை, உலகத்தில் அதிகம் விற்ற ஆங்கிலப் பாட்டுகளைப் பத்தாவதிலிருந்து ஒன்றாவதுவரை வரிசையாகப் போடுவார்கள். ஒன்றாவது பாட்டு தொடங்கியதும் மதினி அடுப்பைத் தணித்துவிடுவார். அது முடியும்வரை வீட்டில் யாரும் அவரிடம் உப்பு எங்கே, சட்டை எங்கே என்று கேட்க முடியாது.

என் அண்ணன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு டிரம்ஸ். சீசனில் தினமும் உண்டு. மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு மட்டும். அண்ணன் இளவயதில் பழகிய அறுபதுகளின், எழுபதுகளின் பாட்டுகள்தான் எங்கள் கையிருப்பு. அவற்றை அவர் உருகிப் பாடுவார். ஆனால் அவருக்கு ஒரு குணம் இருந்தது. தன் இளமையோடு பாட்டு என்ற ஒன்றே உலகத்தில் முடிந்துபோய்விட்டது என்று நம்பினார். புதிதாக எது வந்தாலும், “மிஷினை வச்சு அடிக்கிறதெல்லாம் ஒரு பாட்டா?” என்பார்.

மதினி அப்படியில்லை. நான் அவரிடம் இன்றுவரை வியப்பது இதைத்தான். பாட்டு பிடிக்கவில்லை என்றால் குறை தன் காதில் இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுவார். “ஊரு ஒலகமே ஒரு வாரம் ஒரே பாட்டக் கேக்குதுன்னா சும்மாவா கேக்கும்? அதுக்குள்ள என்னமோ கெடக்கு தானே” என்பார். அந்த என்னவோ ஒன்று கைக்கு அகப்படும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். மிஷன் பள்ளியில் பத்தாவதுவரை படித்த ஆங்கிலம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. சர்ச்சில் கூட்டத்தோடு பாடியதைத் தவிர அவர் மேடை ஏறியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஹோட்டலுக்குப் புதிய மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான். வருகிறவர்கள் இளவயதுக்காரர்கள், இப்போதைய பாட்டைக் கேட்கிறார்கள், நீங்கள் பாடவில்லை என்றால் அடுத்த சீசனுக்கு கேசட் போடுகிற ஆளைத்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று தன்மையாகவே சொன்னார். அண்ணன் வீட்டுக்கு வந்து கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “நான் ஒண்ணு ரெண்டு சொல்லித் தாரேங்க, கஷ்டமே இல்ல” என்று மதினி சொன்னதற்கு, “ஒஞ்சோலியப் பாரு” என்று பதில் வந்தது. மறுநாள் அண்ணன் பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்துக்கொண்டு பழைய பாட்டுகளையே பாடப் போனார்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம், மதுரையிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரிப் பெண்கள் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மழை. அந்த வருடம் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்த ஓர் ஆட்டப் பாட்டைக் கேட்டு அவர்கள் சீட்டு அனுப்பினார்கள். அண்ணன் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தன் பழைய பாட்டையே எடுத்தார். மறுபடி ஒரு சீட்டு வந்தது. மறுபடியும் அதே கதை. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போகத் தொடங்கினார்கள். வாசலில் மேனேஜர் நின்றிருந்தார்.

எங்களுக்குக் குடையும் ஸ்வெட்டரும் கொண்டுவந்திருந்த மதினி அடுக்களைக் கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஸ்வெட்டர்களை நாற்காலியில் வைத்துவிட்டு நேராக மேடைக்கு வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, “தம்பி, மெதுவா அடிங்க. தாலாட்டு வேகம்” என்றார்.

அந்த ஆட்டப் பாட்டை அவர் அப்படித்தான் பாடினார். இரைச்சலையெல்லாம் கழற்றி வைத்த பிறகு, உள்ளே, தன்னை விட்டுப்போனவனைக் கூப்பிடுகிற ஒரு பெண் இருந்தாள். அது அவ்வளவு சோகமான பாட்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது. எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றார். மூன்றாவது சரணத்தில் கிட்டாரின் ஒலி, மிகத் தயங்கி, மதினியின் குரலுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

மழை விட்டதும் வீட்டுக்கு நடந்தோம். மேடு ஏறி முடிக்கும்வரை அண்ணன் எங்களுக்கு முன்னால் தனியாக நடந்தார். நான் பயந்துகொண்டே வந்தேன். வாசல் கேட்டைத் திறக்கும்போது, “ரெண்டாவது சரணம் முடியிற எடத்துல கிட்டார்ல என்ன கார்டு பிடிக்கணும்?” என்றார்.

“அதுதான் எனக்கும் புரியல. உக்காந்து பாப்பமா?” என்றார் மதினி.

அதன் பிறகு பல வருடங்கள் மூன்று பேருமாக வாசித்தோம். அறுபதுகளிலிருந்து தொடங்கி, பத்து வருடத்துக்கு ஒரு முதலிடப் பாட்டாக வந்து, அந்த வாரத்துப் பாட்டில் நிகழ்ச்சியை முடிப்பது மதினியின் ஏற்பாடு. ஒவ்வொரு காலத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு கணிப்பு இருந்தது. அறுபதுகளின் பாட்டு சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வெரசாக் கிளம்பிவிடுமாம். எழுபதுகளில் அழுகிறவர்கள்கூட ஆடிக்கொண்டே அழுவார்களாம். எண்பதுகளின் டிரம்ஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து அடித்ததுபோல முழங்குமாம். இந்தக் காலத்துப் பாட்டோ செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. “அதுவும் நல்லாத்தான் இருக்கு. சொந்தக்காரங்க அப்பிடித்தானே வருவாங்க” என்பார். அந்தக் காலம்போல வருமா என்ற வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் மதினிக்குக் கழுத்தில் கட்டி வந்து, மதுரையில் ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, பாட்டுக் குரல் போய்விட்டது. இப்போது பேசுவதே காற்றுப்போல்தான். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், நல்லவேளை, பாட வேண்டியதையெல்லாம் பாடி முடித்துவிட்டீர்கள் என்று ஆறுதல் சொன்னார்கள். அது அவரை எவ்வளவு வருத்தியது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அவர் எதையும் முடித்திருக்கவில்லை.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அண்ணன் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். மதினியின் போனில் அந்த வாரம் முதலிடத்துக்கு வந்த பாட்டு ஓடியது. பாடியவள் இருபது வயதுகூட ஆகாத பெண்ணாம். மதினி நிறுத்தி நிறுத்திப் போட, அண்ணன் ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய தொண்டை. மேல் வரியில் குரல் உடைந்தது.

“அங்க மூச்சு வாங்காதீங்க. அந்தப் புள்ள வாங்கல தானே” என்றார் மதினி, காற்றுக் குரலில்.

“அவளுக்கு வயசு இருக்கு, இழுக்குறா.”

“வயசு பாட்டுக்கு எதுக்குங்க?”

அண்ணன் என்னைப் பார்த்தார். சிரிப்பாரோ அலுத்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். மதினி கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய உதடுகள் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தன. மேல் வரி வந்தபோது, இம்முறை அண்ணன் மூச்சு வாங்கவில்லை.